யார் துவைப்பது?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அடைத்துக்கொண்டது. தரைத்தள வீடுகளின் குளியலறைகளில் கழிவுநீர் எதிர்த்து ஏறியது. அடைப்பெடுக்க வந்த தொழிலாளி நீண்ட மூங்கில் பிளாச்சைக் குழிக்குள் செலுத்தி, அரை மணி நேரம் போராடி, சாம்பல் நிறத்தில் கயிறுபோல் முறுக்கேறிக் கிடந்த ஒரு பொதியை வெளியே இழுத்துப் போட்டார். 'குழந்தைக்குத் துடைக்கிற தாள் சார். தண்ணியில கரையாது. எந்த வீட்டுல போடறாங்கன்னு விசாரிங்க' என்றார்.

விசாரிக்கும் தேவை இருக்கவில்லை. அப்போது கைக்குழந்தை இருந்த ஒரே வீடு எங்களுடையது. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தாள்களைக் குப்பைக்கூடையில்தான் போட்டாள். இரவில் கூடை நாறுகிறதே என்று அவற்றை எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டவன் நான்.

அந்தத் தொழிலாளி குழிக்குள் இறங்கவில்லை. உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். ஆனால், பிளாச்சுக்கு அந்தப் பொதி அசைந்து கொடுத்திராவிட்டால், எங்களில் யாரேனும் ஒருவர் அவரை இறங்கச் சொல்லியிருப்போம் என்றே நினைக்கிறேன். இறங்கி உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளை இதே தமிழ்நாட்டில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

'வெட் வைப்ஸ்' எனப்படும் இந்த ஈரத்தாள், பெயரில்தான் தாள். இவற்றில் பெரும்பாலானவை பாலியெஸ்டர், விஸ்கோஸ் போன்ற இழைகளை நெய்யாமல் பரப்பி, மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சி ஒன்றோடொன்று சிக்கவைத்துச் செய்யப்படுபவை. விஸ்கோஸ் மரக்கூழிலிருந்து வருவது, மட்கும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக், மட்காது. ஈரத்திலேயே ஊறிக் கிடந்தாலும் கிழியக் கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்ட பொருள், குழாய்க்குள் போனதும் கரைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்தது என் பேதைமை. லண்டனின் வொயிட்சேப்பல் பகுதியில் 2017-இல் கண்டறியப்பட்ட சாக்கடை அடைப்பு 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்டிருந்தது. சமையல் கொழுப்பும் இத்தகைய ஈரத்தாள்களும் சேர்ந்து இறுகிய பாறை அது. பிளாஸ்டிக் கலந்த ஈரத்தாள்களுக்குத் தடை கொண்டுவரப் போவதாக பிரிட்டன் அரசு 2024 ஏப்ரலில் அறிவித்ததற்கு இவ்வாறான அடைப்புகளும் ஒரு காரணம்.

அடைப்பு நீங்கிய அதே வாரத்தில் பேத்தியின் பிட்டத்தில் தோல் சிவந்து தடித்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, முதலில் வாசனைத் தாளை நிறுத்துங்கள், வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும் என்றார். எங்கள் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. பொதுவான காரணம் ஒன்று உண்டு. எப்போதும் ஈரமாக இருக்கும் பொருளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். அதைத் தடுக்கப் பதப்பொருள் சேர்த்தே ஆகவேண்டும். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதை 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் அழகுசாதனப் பொருள்களில், ஈரத்தாள் உள்பட, இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் தடை விதித்தது. பல நிறுவனங்கள் இதைக் கைவிட்டுவிட்டன. வாங்குபவர்கள் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. அதே பின்புறத்தில் கழிப்பறையில் போடாதீர்கள் என்று ஒரு சிறு படமும் இருந்தது. நான் அதைப் பார்த்தது அடைப்பெடுத்த பிறகுதான்.

வீட்டில் உடனே பழைய வேட்டியைப் பற்றிய பேச்சு வந்தது. பிறந்த குழந்தைக்குப் புத்தாடை உடுத்தாமல், பலமுறை துவைத்து நைந்த வேட்டியையோ சேலையையோ கிழித்துப் பயன்படுத்துவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அதில் சாத்திரத்தைவிடப் பயன் அதிகம். புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். நீரை உறிஞ்சாது, தோலையும் உரசும். நூறு முறை துவைத்த பருத்தியில் இவை எதுவும் மிஞ்சியிராது. என்னுடைய நாலு முழ வேட்டிகள் இரண்டை என் மனைவி ஒரு சாண் சதுரங்களாக வெட்டினார். இற்றுப்போன பகுதிகளைக் கழித்து அறுபதுக்குச் சற்று மேல் தேறின. தெருமுனைத் தையற்காரர் ஓரம் அடித்துக் கொடுத்தார். வாய் துடைக்க நீல நூல், கீழே துடைக்கச் சிவப்பு நூல். இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

முறை எளியது. துணியை முன்கூட்டியே நனைத்து டப்பாவில் அடைத்து வைக்கக் கூடாது. பதப்பொருள் இல்லாத ஈரத்துணி நமது வெக்கையில் ஒரே நாளில் நாற்றமெடுக்கும். தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து பயன்படுத்த வேண்டும். பெண் குழந்தையானால் முன்னிருந்து பின்னோக்கித்தான் துடைக்க வேண்டும். பயன்படுத்திய துணியில் ஒட்டியிருக்கும் மலத்தைக் கழிப்பறையிலேயே அலசிவிட்டு, மூடியிட்ட வாளியில் போட வேண்டும். முதல் அலசலுக்குப் பச்சைத் தண்ணீர்தான். மலத்தில் உள்ள புரதம் சூட்டில் இறுகி இழையில் பிடித்துக்கொள்ளும் என்பதால், வெந்நீர் பட்டால் கறை போகாது. இது தெரியாமல் முதல் நாள் கொதிக்கும் நீரை ஊற்றினேன். அந்தப் பன்னிரண்டு துணிகளில் மஞ்சள் கறை இன்றும் இருக்கிறது. அதன்பின் சோப்பு, இரண்டு அலசல், மொட்டை மாடியில் நல்ல வெயில். துணியை மென்மையாக்கும் திரவங்களைத் தவிர்க்க வேண்டும். அவை இழைமீது படலமாகப் படிந்து நீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும்.

இதுவரை எழுதியதைப் படிப்பவர்கள், பழமையின் பெருமை பேசும் இன்னொரு கட்டுரை என்று எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் பேசத் தொடங்கினேன். 'அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது' என்று நான் ஆரம்பித்ததும், அறுவைச் சிகிச்சைத் தையல் இன்னும் ஆறாதிருந்த என் மகள் கேட்டாள்: 'அந்தக் காலத்துல யாருப்பா துவைச்சாங்க?'

எனக்கு விடை தெரியும். தஞ்சை மாவட்டத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் என் கடைசித் தங்கை பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பிள்ளை பெற்ற வீட்டின் துணிகள் 'தீட்டுத் துணி' என ஒதுக்கப்பட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். வண்ணார் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி நாள்தோறும் கொல்லை வாசல் வழியாக வந்து அவற்றை மூட்டையாகக் கட்டி ஆற்றுக்கு எடுத்துச் செல்வார். கூலி, அறுவடையின்போது கொஞ்சம் நெல்லும் அந்தியில் கொஞ்சம் சோறும். என் பாட்டியின் வயதை ஒத்த அவரைச் சிறுவர்களாகிய நாங்கள்கூடப் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைத்தோம். அவர் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் வீடு எங்கே இருந்தது என்பது எனக்கு அன்றும் தெரியாது.

அவர் வருவது நின்ற பிறகு அந்தக் குவியல் என் அம்மாவின் கைக்கு வந்தது; பின்னர் என் மனைவியின் கைக்கு. என் இரண்டு பிள்ளைகளின் துணிகளில் ஒன்றையேனும் நான் துவைத்ததாக நினைவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். அப்படி ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஈரத்தாள் இந்தப் பெண்களுக்குச் சிறிதளவேனும் ஓய்வு தந்தது என்பதை மறுத்துவிட்டுத் துணியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. அந்தத் தாள் வேலையை ஒழித்துவிடவில்லை. வாசலுக்கு வெளியே தள்ளியது. மலத்தோடு சுருட்டி எறிந்ததைக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும், அதற்கு முன் நம் தெருக் குப்பை வண்டியிலும் யாரோ ஒருவர் கையால் தொடுகிறார்.

ஆகவே அந்த வாளியை நான் எடுத்துக்கொண்டேன். வங்கியிலிருந்து ஓய்வுபெற்று நாளிதழ் படித்துக்கொண்டிருப்பவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. காலையில் இருபது நிமிடம், மாலையில் பத்து நிமிடம். முதல் வாரம் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. நாளைக்கு இருபது துணிகளுக்கு ஒன்றரை வாளித் தண்ணீர் செலவாயிற்று. கடைசி அலசல் நீர் மறுநாளைய முதல் அலசலுக்கு உதவியது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் கோடையில் இதுவும் பெரிதுதான். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் துணி அணையாடைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வும், துணியின் நன்மை துவைக்கும் முறையைப் பொறுத்தது என்றே கூறியது. இயந்திரம் நிரம்பத் துவைத்து, வெளியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் லாபம். மின்சாரத்தில் சூடாக்கி உலர்த்தினால் லாபம் கரைந்துவிடும். நமக்கு வெயில் இலவசம். ரயில் பயணத்துக்கு நாங்களும் ஈரத்தாளைத்தான் எடுத்துச் சென்றோம். அதில் எனக்குக் கூச்சமில்லை.

துணியைக் கட்டாயப்படுத்த எந்த அரசாலும் இயலாது, கூடவும் கூடாது. தாளை ஒழுங்குபடுத்த இயலும். 2019-இல் தமிழ்நாடு தடை செய்த 14 பிளாஸ்டிக் பொருள்களிலும், 2022 ஜூலையில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலிலும் உறிஞ்சுகுழல் போன்றவை இடம்பெற்றன, ஈரத்தாள் இடம்பெறவில்லை. அணையாடையையும் சானிட்டரி நாப்கினையும் சுற்றி எறிய உறை தரும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்கள்மீது சுமத்தின. ஈரத்தாளுக்கும் அந்தப் பொறுப்பு வேண்டும். பிளாஸ்டிக் இருக்கிறது என்பதையும், கழிப்பறையில் போடக் கூடாது என்பதையும் பொட்டலத்தின் முன்புறத்தில், தமிழில், என்னைப் போன்றவர் கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில் மகள் பெங்களூரு திரும்பினாள். ஓரம் பிரிந்தவை போக மிஞ்சிய ஐம்பத்து மூன்று துணிகளையும் மடித்துப் பெட்டியில் வைத்தேன். மாப்பிள்ளை அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார். 'மாமா, முதல்ல ஊத்தறது வெந்நீரா, பச்சைத் தண்ணியா?' என்று கேட்டார். பின்னணியில் வாளி நகரும் சத்தம் கேட்டது.