கல்லின் பெயரை எழுதி வாங்குங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல இங்கே எதுவும் இல்லை. இரத்தினக்கற்கள் கிடைப்பதோ இரத்தினபுரி, எலஹெர பக்கத்து ஆற்றுப்படுகைச் சரளை மண்ணில். அதனால் கஸ்தூரியார் வீதியிலோ கன்னாதிட்டியிலோ நாம் வாங்கும் நீலக்கல் பல கைகள் மாறித்தான் இங்கு வந்து சேருகிறது. அந்தக் கைகளில் ஒன்றில் உண்மை நழுவியிருந்தால் பணம் கொடுப்பவருக்குத் தெரியாது. சில வேளை விற்பவருக்கே தெரியாது.

நம் ஊரில் பலர் கல் வாங்குவது அழகுக்காக அல்ல. பிள்ளைக்குக் கலியாணம் தள்ளிப்போகிறது, வெளிநாட்டுப் பயணம் சரிவரவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று சாத்திரியாரிடம் போகிறார்கள். அவர் "நீலம் போடுங்கோ" என்கிறார். மனம் கலங்கியிருக்கும்போது வாங்கும் பொருளை யாரும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதில்லை. நம்பிக்கை அவரவருடையது. அதில் தலையிட நான் வரவில்லை. ஆனால் கல்லைச் சொல்பவரே கல்லை விற்கவும் செய்தால், அல்லது ஒரு குறிப்பிட்ட கடைக்கே அனுப்பிவைத்தால், அன்றைக்குக் காசைக் கொடுக்காதீர்கள். இன்னும் இரண்டு கடைகளில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போலிக்கல் என்றதும் கண்ணாடித் துண்டுதான் பலருக்கு நினைவில் வரும். கண்ணாடியைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமல்ல. ஆளை விழுத்துவது செயற்கைக் கல். மாணிக்கமும் நீலமும் அலுமினியம் ஒட்சைட்டின் படிகங்கள். அதே பொருளைத் தூளாக்கிச் சுவாலையில் உருக்கிக் கல்லாக வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஒகுஸ்ட் வெர்னாய் 1902இல் உலகுக்கு அறிவித்தார். அதாவது பாட்டியின் தோட்டில் உள்ள சிவப்புக் கல்லும் ஆய்வுகூடத்தில் பிறந்ததாக இருக்கலாம். பழைய நகை என்பதால் மட்டும் கல் இயற்கையானது என்று ஆகாது.

நம்மவர்கள் கையாளும் சோதனைகள் தோற்பதும் இதனால்தான். கண்ணாடியில் கீறிப் பார்ப்பார்கள். கடினத்தில் 9ஆம் படியில் உள்ள செயற்கை மாணிக்கம் கண்ணாடியை நன்றாகவே கீறும். கன்னத்தில் வைத்தால் குளிர்கிறதா என்பார்கள். அதுவும் குளிரும். பாலில் போட்டு நிறம் பார்ப்பார்கள். பால் எந்த வித்தியாசத்தையும் காட்டாது.

பத்து மடங்கு பெருப்பிக்கும் சிறிய வில்லை ஒன்று இவை எல்லாவற்றையும்விடப் பயன்படும். பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசிக்கு மேல் பிடித்துக் கல்லுக்குள்ளே பாருங்கள். கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் அழகாகத்தான் தெரியும். உருண்டையான காற்றுக்குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி அல்லது சுவாலையில் வளர்த்த கல் என்று சந்தேகிக்கலாம். கிராமபோன் இசைத்தட்டின் வரிகள்போல வளைந்த கோடுகள் தெரிந்தாலும் செயற்கைக் கல்லின் அடையாளமே. இயற்கை நீலத்தில் நிறக்கோடுகள் நேராகவும் கோணமாகவும் போகும். மெல்லிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். பெரிதாகவும் மாசே இல்லாமலும் மலிவாகவும் ஒரு கல் கிடைத்தால் அந்த மூன்றும் சேர்ந்திருப்பதே எச்சரிக்கை. வெட்டையும் கவனியுங்கள். தட்டையான முகம் மேலே இருக்கும்படி அச்செழுத்தின் மேல் கல்லை வையுங்கள். நடுவால் எழுத்தை வாசிக்க முடிந்தால் ஒளி திரும்பாமல் கீழே ஓடுகிறது என்று பொருள். அந்தக் கல்லுக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வில்லையால் எல்லாம் தெரிந்துவிடாது. சூடாக்கிய கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களத்தில் கெவுட எனப்படும் பால்நிற மங்கல் கற்களுக்கு ஒரு காலத்தில் இலங்கையில் மதிப்பே இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிப்போய், 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி நல்ல நீலமாக்கி விற்றார்கள். உள்ளேயிருந்த ஊசிகள் கரைந்து, அவற்றின் தைத்தானியம் இரும்போடு சேர்ந்து நீலத்தைத் தந்தது. சூடாக்கிய கல் போலியல்ல. ஆனால் சூடு படாத அதே தரக் கல்லைவிட அதன் விலை குறைவு. இதைச் சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் இன்னும் மோசம். எலுமிச்சம் புளியும் பத்தரின் ஊதுகுழல் சூடும் அதைக் கெடுத்துவிடும்.

நகையில் பதித்த கல்லில் வேறொரு இழப்பும் இருக்கிறது. இதைப் பற்றி நம் வீடுகளில் போதியளவு பேசுவதில்லை. 5 கரட் கல் 1 கிராம். ஒரு பவுண் 8 கிராம். கல்லோடு சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால், நிறையக் கல் வைத்த அட்டியலில் கண்ணாடிக்கும் பவுண் விலை கொடுக்கிறோம். அடைவு வைக்கப் போகும்போதோ கல்லின் நிறையைக் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். ஆகவே தங்கத்தின் நிறையையும் கல்லின் நிறையையும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பின்பக்கம் மூடிப் பதித்த கல்லில் வண்ணத் தகடு ஒளிந்திருக்கலாம். விலை கூடிய கல்லானால் பதிக்க முன்னரே பார்த்துச் சோதித்து வாங்குவது நல்லது.

பற்றுச்சீட்டு கேட்பது கடைக்காரரை அவமதிப்பது அல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் அதைத் தரவேண்டியது வணிகரின் கடமை. பொருளைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் வகையிலோ சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. "நீலக்கல் 1" என்று எழுதிய துண்டு போதாது. கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, சூடாக்கியதா, வேறு ஏதும் செய்ததா, எத்தனை கரட், இவை எல்லாம் அதில் வேண்டும். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். கல் வியாபாரிக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய தொகையென்றால் கொழும்பிலுள்ள அந்த அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் கல்லைச் சோதிப்பிக்கலாம். அறிக்கை வந்த பிறகே மீதிப் பணம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். விற்பவர் தானே அச்சடித்துத் தரும் அட்டையை ஆய்வறிக்கையாக எடுக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. விசாரணையின் பின் பணத்தைத் திருப்பித் தரவோ பொருளை மாற்றித் தரவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பொலிசிலும் முறையிடலாம். அதுவரை கல்லை வேறு நகைக்கு மாற்றவோ பத்தரிடம் கழற்றக் கொடுக்கவோ வேண்டாம். வாங்கிய பெட்டி, பற்றுச்சீட்டு, கடைக்காரரோடு பரிமாறிய வட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய வங்கிப் பதிவு எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள்.