பாம்பன் பாலத்தில் ஒரு நிமிஷம்!

ராமேசுவரத்துக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோயிலின் நீண்ட பிராகாரத்தைப் பற்றிச் சொல்வார்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து நடுங்கியதைச் சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்பாக, கண்களை அகல விரித்துக்கொண்டு, "அந்தப் பாம்பன் பாலம் இருக்கிறதே!" என்று ஆரம்பிப்பார்கள்.

உண்மைதான். இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. கீழே வண்ண வண்ணமாய் வள்ளங்கள். பக்கத்திலே ரயில் பாலம். காற்றோ, தலைப்பைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் புடவையையே கொண்டுபோய்விடும் போல் வீசுகிறது. இப்படி ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்காமல் யாரால் போக முடியும்?

அங்கேதான் வந்தது வினை!

"ஒரே நிமிஷம்!"

பாலத்தின் மேல் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. "என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன். குழந்தைகள் பார்க்கட்டும். ஒரே நிமிஷம்!" என்கிறாள் குடும்பத் தலைவி. குடும்பத் தலைவருக்கும் உள்ளூர ஆசைதான். வண்டி ஓரமாக நிற்கிறது. குழந்தைகள் குதிக்கிறார்கள். பாட்டியைக் கைத்தாங்கலாக இறக்குகிறார்கள். செல்போனை யார் பிடிப்பது என்று ஒரு சிறு வாக்குவாதம். படம் எடுத்தால் பாட்டி கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். இன்னொன்று எடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாகிறது. பின்னால் வந்தவர், "இவர்கள் நிறுத்தியிருக்கிறார்களே, நாமும் நிறுத்தினால் என்ன?" என்று நிறுத்துகிறார். அவருக்குப் பின்னால் ஒரு சுற்றுலாப் பஸ்.

பாலத்தில் போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று. ஒரு பக்கத்தில் நாலு வண்டிகள் நின்றுவிட்டால் மிச்சமுள்ள ஒரே வழியில் இரு பக்கத்து வண்டிகளும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்து நிற்க வேண்டியதுதான். திருப்பிக்கொண்டு போகவும் இடமில்லை. இரு பக்கமும் கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் கடல்!

நமக்கு அது வேடிக்கை. அந்தத் தீவிலே குடியிருப்பவர்களுக்கு?

தீவுக்கு ஒரே வாசல்

ராமேசுவரம் ஒரு தீவு என்பதைப் பாலத்தைத் தாண்டியதும் நாம் மறந்து விடுகிறோம். அங்கே இருப்பவர்களால் மறக்க முடியாது. பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் என்று ஊர் ஊராக மக்கள் வாழ்கிறார்கள். மீன் பிடிக்கிறார்கள், மல்லிகை நாற்றுப் பயிரிடுகிறார்கள். உங்கள் வீட்டு வாசலில் பூக்கும் மல்லிகைக் கொடிகூடத் தங்கச்சிமடத்துப் பதியனிலிருந்து வந்ததாக இருக்கலாம்! இவர்கள் மோட்டாரில் வெளியே போக இந்த ஒரு பாலம்தான் வாசல்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் ஒரு ரயிலே கடலுக்குப் பலியாயிற்று. ரயில் பாலமும் சிதைந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயரின் பொறுப்பில் அதை 46 நாட்களில் சீராக்கிவிட்டார்கள். கொங்கண் ரயிலும் டில்லி மெட்ரோவும் அமைத்துப் பிற்காலத்தில் புகழ்பெற்றவர் அவரேதான். சாலைப் பாலத்துக்கு 1974-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2-ந் தேதி ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இரண்டே கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். அன்றைக்குத்தான் தீவுக்கு மோட்டார் பாதை கிடைத்தது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். தீவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டு, நிலைமை சிக்கலாகிவிட்டது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ராமேசுவரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 108 வண்டி ஓலமிட்டுக்கொண்டு பாலத்துக்கு வருகிறது. அங்கே நாம் பாட்டியைக் கண் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்!

ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கும் நேரம்தான் காசு. பரீட்சைக்குப் போகிற கல்லூரிப் பெண்ணுக்கும் அப்படித்தான். நமக்கு அது ஒரு தடவை பார்க்கும் காட்சி. அவர்களுக்கோ தினமும் போகிற தெரு.

கூட்டம் ஏன் பெருகிற்று?

முன்பெல்லாம் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை என்று சில நாட்களில்தான் பெருங்கூட்டம். மார்கழி, தை மாதங்களில் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். 2017 ஜூலை 27-ந் தேதி பேய்க்கரும்பில் அப்துல் கலாமின் நினைவகம் திறக்கப்பட்டது. அதே நாளில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் பத்துக் கிலோமீட்டர் சாலையும் திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் சேற்றிலும் குலுங்கிப் போகும் வாடகை வேன்களை நம்பித் தனுஷ்கோடிக்குப் போனவர்கள், சொந்தக் காரிலேயே நாட்டின் முனை வரை போகலானார்கள். இந்தியாவிலேயே கண்ணுக்கினிய சாலைகளில் அது ஒன்று என்றால் மிகையாகாது. அத்தனை கார்களும் பாம்பன் பாலத்தின் மேல்தானே வந்தாக வேண்டும்?

இதற்கு நடுவில் 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயில் நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்படும் வரையில், இரண்டு வருஷத்துக்கு மேல், வந்தவர்கள் அனைவரும் சாலை வழியாகத்தான் தீவுக்குள் போனார்கள். திறந்த பிறகோ, கப்பலுக்கு வழிவிட அப்படியே மேலே எழும்பும் புதிய தூக்குப் பாலத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம்!

கப்பலுக்கு உள்ள ஒழுங்கு

வேடிக்கை என்னவென்றால், அதே பாம்பனில், அதே கால்வாயில், ஒருவருக்கொருவர் காத்திருக்கும் ஒழுங்கு நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது.

கப்பல் ஒன்று கால்வாயைக் கடக்க வேண்டுமென்றால் நினைத்தபோது போய்விட முடியாது. துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெற்று, அது சொல்லும் இடத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். துறைமுகத்தார் ரயில்வேக்காரருக்குச் சொல்ல வேண்டும். ரயில் இல்லாத நேரம் பார்த்துத் தூக்குப் பாலத்தைத் திறப்பார்கள். நீரோட்டம் அறிந்த உள்ளூர் வழிகாட்டி கப்பலைக் கடத்திவிடுவார். அவ்வளவு பெரிய ரயிலும் சும்மாயில்லை. காற்று அளவு மீறி அடித்தால் சிக்னல் விழாது, நிற்க வேண்டியதுதான்.

கப்பல் காத்திருக்கிறது, ரயில் காத்திருக்கிறது. காத்திருக்க மாட்டேன் என்பது கார் மட்டுமே!

எத்தனை இலாகாக்கள்!

"போலீஸார் பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பீர்கள். விதி இல்லாமல் இல்லை. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டு வைப்பது, பாலம் திறந்த அதே 1988-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் 2019-ல் வந்த திருத்தப்படி ரூ. 10,000 வரை அபராதம்; சிறையும் உண்டு. ஆனாலும் காலை முதல் இரவு வரை பாலத்தின் நீளத்துக்கும் போலீஸ்காரரை நிறுத்தி வைக்க முடியுமா?

போலீஸார் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலமும் சாலையும் நெடுஞ்சாலைக்காரர் பொறுப்பு. வண்டிகளின் உரிமம் போக்குவரத்து இலாகா. பக்கத்துப் பாலம் ரயில்வே. கீழே ஓடும் கால்வாய் துறைமுகம். சுற்றியுள்ள தீவுகளும் பவளப் பாறைகளும் 1986-ல் அமைந்த மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அது வன இலாகா. பாலத்தின் ஒரு முனையில் மண்டபம் பேரூராட்சி, மறு முனையில் பாம்பன் ஊராட்சி. கூட்டம் போய்ச் சேரும் இடம் ராமேசுவரம் நகராட்சி. கூட்டம் எப்போது வரும் என்பதை அறிந்தவர்கள் கோயில் நிர்வாகத்தார். பத்து வீட்டு மருமகளைப் போல் அந்தப் பாலம் நிற்கிறது! ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்தால்கூட, ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாவிட்டால் பயனில்லை.

இவர்கள் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஊர்க்காரர்களுக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும். எந்த மணியில் நெரிசல், எந்தத் திருப்பத்தில் சிக்கல், எந்தத் திதியில் எத்தனை பஸ் என்பதெல்லாம் பாலத்தடியில் வலை உலர்த்துகிறவருக்கும் முனையில் கடை வைத்திருக்கும் அம்மாளுக்கும் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

கடற்பாசிப் பெண்கள் காட்டிய வழி

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படும் சகோதரிகளுக்குப் பாம்பனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவும் பெண்களால் ஏற்பட்டது!

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களில் பெண்கள் கடலில் மூழ்கிக் கடற்பாசி சேகரித்துப் பிழைக்கிறார்கள். தேசியப் பூங்கா வந்த பிறகு அவர்களுக்கும் வன இலாகாவுக்கும் ஓயாத தகராறு. பாறைகள் கெடுகின்றன என்றனர் அதிகாரிகள். வயிறு கேட்கிறதே என்றனர் பெண்கள். கடைசியில் உட்கார்ந்து பேசினார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே கடலில் இறங்குவது என்று பெண்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவருக்கு 2015-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு பரிசும் கிடைத்தது. கடலுக்குள் இப்படி ஓர் ஏற்பாடு முடியுமென்றால் கடலுக்கு மேலே முடியாதா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் பிக்சர் என்ற கடற்கரைப் பகுதியில், 1932-ல் கட்டிய பிக்ஸ்பி பாலம் என்ற அழகான பாலம் இருக்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் குறுகிய சாலையில் கார்களை நிறுத்தி வழியை அடைத்துவிடுகிறார்கள் என்று அங்கேயும் ஊர்க்காரர் முறையிடுகிறார்கள். நெடுஞ்சாலை, வனம், பூங்கா இலாகா அதிகாரிகளையும் மக்கள் பிரதிநிதிகளையும் ஊர்வாசிகளையும் சேர்த்து அங்கே ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறார்கள். நெரிசல் மாயமாய் மறைந்துவிடவில்லை. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஊர்க்காரர் திகைக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற கடற்கரைப் பெருஞ்சாலையின் கரையோரத்தைக் கவனிக்க 2020-ல் தனியாக ஓர் அமைப்பையே ஏற்படுத்தினார்கள்.

நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊராட்சிகளில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்த ஆறில் ஒன்று அக்டோபர் 2; பாலம் திறந்த அதே நாள்! கிராம சபையில் பேசியது கலெக்டரின் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். குழு முடிவு செய்தது ஊருக்குத் திரும்பி வர வேண்டும். பாலத்தின் இரு முனைகளிலும் வண்டி நிறுத்த விசாலமான இடமும், நின்று பார்க்க ஒரு மேடையும், உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் கடைகளும் அமைந்தால், வந்தவர்களுக்கும் திருப்தி, ஊருக்கும் வருமானம். அமாவாசை நாட்களில் பஸ்களை முனையிலேயே நிறுத்தி, முறை வைத்து விடலாம். கப்பலுக்குச் செய்வதைக் காருக்கும் செய்ய வேண்டியதுதான்!

நாம் செய்யக்கூடியது

குழு கூடட்டும், மேடை எழும்பட்டும். அதுவரையில் நாம் செய்யக்கூடியது சில உண்டு.

முடிந்தால் ரயிலில் போங்கள். புதுப் பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது கிடைக்கும் காட்சிக்கு ஈடே இல்லை. பாட்டி ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். காரில் போனால், பாலத்துக்கு முன்பே நல்ல இடத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிடுங்கள். பாலத்தின் மேல் ஏறியபின் இறங்குவதில்லை என்று வண்டி ஓட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அமாவாசைக்குத்தான் போக வேண்டும் என்ற நேர்த்தி இல்லாவிட்டால் சாதாரண நாளாகப் பார்த்துப் புறப்படுங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் ஓசை கேட்டால், முன்னால் போகிற வண்டிக்காரருக்கும் சைகை காட்டுங்கள்.

வீட்டு வாசலில் யாராவது வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! "வாசலை அடைத்துக்கொண்டு என்ன?" என்று கேட்காமல் விடுவோமா? பாம்பன் பாலமும் ஒரு வாசல்தான். அதற்கு உள்ளே ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. அடுத்த தடவை, "என்னங்க, ஒரே நிமிஷம்!" என்று நாவில் வரும்போது, அந்த ஒரு நிமிஷத்தை அந்த வீடுகளில் உள்ள ஒரு தாய்க்குக் கொடுத்துவிட்டுப் போங்களேன். ராமேசுவர யாத்திரையின் புண்ணியத்தில் அதுவும் சேரும்.