விருப்பப் பகுதியும் விவேகமும்

திருவள்ளுவர் சொல்வன்மை என ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதல் என மற்றோர் அதிகாரம் வகுத்தார். பயனில சொல்லாமை என வேறோர் அதிகாரமும் வகுத்தார். திறம்படச் சொல்லுதல், கேட்போர் இன்னார் என்று அறிந்து சொல்லுதல், பயனற்றதைச் சொல்லாது விடுதல் ஆகிய மூன்றும் கூடியதே சொல்லின் நிறைவு என்பது இதனாற் பெறப்படும். இம்மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் இடம் ஒன்று இக்காலக் கல்வியுலகில் உண்டு. அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற கல்லூரிகளுக்கு மாணவர் அனுப்பும் விண்ணப்பத்தில், ‘விருப்பமிருந்தால் தரலாம்’ என்று விடப்பட்டிருக்கும் பகுதியே அது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர் சிலரும் இக்கல்லூரிகளுக்கு விண்ணப்பம் செய்கின்றனர். அவர்களுக்கு நற்சான்று எழுதவும் வழி கூறவும் வேண்டிய பொறுப்பு ஆசிரியரைச் சேர்கிறது. ஆதலால் இப்பகுதியின் இயல்பை ஆராய்ந்து அறிவது தமிழாசிரியர்க்கும் பயனுடையதாகும்.

புள்ளிக்கு அப்பால்

தேர்வில் பெற்ற புள்ளியைக் கொண்டே பெரும்பாலும் இடம் வழங்கும் முறை நமக்குப் பழகிய முறை. அமெரிக்காவில் மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகளின் முறை வேறு. புள்ளி அங்கே வாயிற்படி மாத்திரமே. அதனைக் கடந்தவர்களுள் யாரைச் சேர்ப்பது என்பதைக் கட்டுரை, ஆசிரியரின் நற்சான்று, வகுப்புக்கு வெளியே ஆற்றிய பணிகள், வளர்ந்த சூழ்நிலை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர். 2024ஆம் ஆண்டில் ஹார்வார்டு கல்லூரியில் சேர 54,008 பேர் விண்ணப்பித்தனர்; 1,937 பேர்க்கே இடம் கிடைத்தது. இத்தனை விண்ணப்பங்களையும் சில மாதங்களுக்குள் படித்து முடிக்க வேண்டிய அலுவலர், ஒவ்வொன்றுக்கும் தரக்கூடிய நேரம் சொற்பமே என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பம் எழுதும் தொல்லையைக் குறைக்க, 1975ஆம் ஆண்டில் தனியார் கல்லூரிகள் பதினைந்து ஒன்றுகூடிப் பொது விண்ணப்பம் ஒன்றை ஏற்படுத்தின. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதனை ஏற்றுக்கொண்டுள்ளன. 650 சொற்களுக்கு மேற்படாத ஒரு கட்டுரையும், பத்துக்கு மேற்படாத பணிகளின் பட்டியலும் அதில் இடம்பெறும். பட்டியலில் ஒவ்வொரு பணியையும் விளக்க 150 எழுத்துக்குறிகளே தரப்படும். இவற்றிற்கு மேல் வருவனவே விருப்பப் பகுதிகள். கூடுதல் விவரம், இடர்ப்பாடும் சூழ்நிலையும் பற்றிய குறிப்பு, கலைப்படைப்புத் தொகுப்பு, கூடுதல் நற்சான்று, ஒளிப்படப் பதிவு, சில கல்லூரிகளில் தேர்வுப் புள்ளி என இவை பலவகைப்படும்.

ஒரு சொல், மூன்று பொருள்

‘விருப்பம்’ என்னும் இச்சொல் எல்லாக் கல்லூரியிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. அதனைக் கூர்ந்து நோக்கினால் மூன்று நிலைகள் புலப்படும்.

முதலாவது, உண்மையிலேயே விருப்பமாக விடப்பட்டது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இசை, நாடகம், ஓவியம், ஆராய்ச்சி, தாமே செய்த கருவிகள் முதலியவற்றைத் தொகுத்து அனுப்ப இடந்தருகிறது. அனுப்பாதவர்க்கு அதனால் குறைவில்லை. அனுப்புவோர் தம் திறமைக்குச் சான்று காட்டுகின்றனர், அவ்வளவே.

இரண்டாவது, விருப்பம் என்று சொல்லப்பட்டாலும் இயன்றவர் தருதல் நலம் என்னும் நிலை. ‘எங்கள் கல்லூரியை நாடியது ஏன்?’ என்பது போன்ற சிறு வினாவை ஒரு கல்லூரி விருப்பப் பகுதியில் வைத்திருக்கலாம். அங்கே சேர உள்ளபடியே ஆவல் கொண்ட மாணவன் அதனை வெறுமையாய் விடுவது விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்குச் சென்று வாய் திறவாமல் வருவதை ஒக்கும். பழைய மாணவர் ஒருவரோடு உரையாடும் வாய்ப்பைக் கல்லூரியே அளிக்குமாயின் அதனையும் தட்டிக் கழித்தல் கூடாது.

மூன்றாவது, கதவு அடைக்கப்பட்ட நிலை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பொதுவாக விண்ணப்பத்தோடு நற்சான்றுக் கடிதங்களைக் கேட்பதில்லை; 2021ஆம் ஆண்டில் ஏற்பட்ட முடிவின்படி எஸ்.ஏ.டி. தேர்வுப் புள்ளியைச் சேர்க்கைக்குப் பார்ப்பதுமில்லை. அங்கே நான்கு நற்சான்றுகளைத் திரட்டி அனுப்ப முயல்பவன், சொன்னதைப் படிக்காதவன் என்னும் சான்றையே ஐந்தாவதாக அனுப்புகிறான்.

ஆகவே, முதற்கடமை அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பை அவ்வாண்டுக்குரிய வடிவிலேயே படிப்பது. சென்ற ஆண்டு விண்ணப்பித்த அண்டை வீட்டுப் பிள்ளையின் சொல்லை நம்புதல் போதாது. பொது விண்ணப்பத்தின் ‘கூடுதல் விவரம்’ என்னும் பகுதியே இதற்குத் தக்க சான்று. நெடுங்காலம் 650 சொல்லுக்கு இடந்தந்த அப்பகுதி, பள்ளியிலிருந்து நேரே வரும் மாணவர்க்கு 2025-26ஆம் விண்ணப்ப ஆண்டில் 300 சொல்லாகச் சுருக்கப்பட்டது.

மூன்று வினாக்கள்

கல்லூரி இடந்தருகிறது என்பதால் மாத்திரம் ஒன்றை அனுப்பிவிடலாகாது. அனுப்புவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் வேண்டும். இது விண்ணப்பத்தின் மற்றப் பகுதிகளில் இல்லாத செய்தியா? இதனைப் படிப்பவர் இதன் தரத்தை உணர முடியுமா? அவருக்குள்ள சொற்ப நேரத்தில் இதன் பயனை அடைவாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைப்பின் அனுப்பலாம். ஒன்றுக்கேனும் ‘இல்லை’ எனின் விட்டுவிடுதலே அறிவுடைமை.

ஒரு மாணவி எட்டாண்டு மிருதங்கம் பயின்றவள் என்று கொள்வோம். அவள் தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பலாமா? மேடையில் தனித்து நின்று வாசிக்கும் தகுதி அவளுக்கு உண்டு என்று அவளுடைய குருவே கருதுவாராயின் அனுப்பலாம். அதனைக் கேட்பவர் மேனாட்டு இசையில் வல்லவராகவும் கருநாடக இசைக்குப் புதியவராகவும் இருத்தல் கூடும். ஆதலால் தாளம் இன்னது, முன்னமே அமைத்த பகுதி எது, மேடையிலேயே கற்பனையாக வாசித்தது எது என்று இரண்டொரு வரிகளில் குறித்தல் வேண்டும். கச்சேரி முழுவதையும் அனுப்பாமல் சிறந்த சில நிமிடங்களையே தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆனால் அவள் பயிற்சி நடுத்தரமானது எனின், பட்டியலில் ‘எட்டாண்டு மிருதங்கம்’ என்னும் ஒரு வரியே அவளுக்குப் பெருமை தரும். எட்டாண்டு உழைத்தாள் என்பதை அவ்வரி காட்டுகிறது; பதிவோ, எட்டாண்டில் எட்டாத இடத்தைக் காட்டிவிடும்.

கூடுதல் நற்சான்றும் இத்தகையதே. ஹார்வார்டு போன்ற கல்லூரிகள் ஆசிரியர் இருவரின் கடிதங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. மூன்றாவது கடிதம், அவ்விருவரும் காணாத ஒன்றைக் கண்டவரிடமிருந்து வருதல் வேண்டும். கணிதத்திலும் இயற்பியலிலும் வல்லவன் என்று இருவர் எழுதியபின், வேதியியலிலும் வல்லவன் என்று மூன்றாமவர் எழுதுவதால் விளையும் பயன் சிறிது. சொற்போரில் தோற்ற நாளில் அம்மாணவன் நடந்துகொண்ட பண்பையும், கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்பித்த பொறுமையையும் கண்ட தமிழாசிரியர் எழுதினால் அது புதுச் செய்தி. மாணவனை அறியாத பெரும் புள்ளி ஒருவர் தம் முத்திரைத் தாளில் எழுதித் தரும் நான்கு வரிப் புகழுரையோ, தந்தையாரின் செல்வாக்கை அன்றி வேறெதனையும் அறிவிப்பதில்லை.

சான்றிதழ்களின் படிகளை அடுக்கடுக்காய் அனுப்ப விழைவோரும் உண்டு. கோப்பு தடிக்கத் தடிக்க மாணவனின் அறிவும் மந்தம் என்று பொருள் என அமெரிக்கச் சேர்க்கை அலுவலரிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு வழங்குகிறது. வேடிக்கையாயினும் அதில் உண்மை உண்டு. பத்து நல்ல பொருள்களோடு பத்துச் சாதாரணப் பொருள்களைச் சேர்த்தால் நல்லவை இருபதாவதில்லை. நல்ல பத்தும் கூட்டத்தில் மறைந்துபோகின்றன.

விடக்கூடாததை விடுதல்

மிகுதியாக அனுப்புவது ஒரு பிழை. சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது அதனினும் பெரும்பிழை. இப்பிழையால் துன்புறுவோர் பெரும்பாலும் வழிகாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகளே.

எஸ்.ஏ.டி. தேர்வுப் புள்ளியைப் பற்றிய வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி, அப்புள்ளியைத் தருவதும் தராமையும் மாணவர் விருப்பம் என்று 1969ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவித் தேர்வுக்கூடங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலான கல்லூரிகள் அவ்வழியைப் பின்பற்றின. ஏழை மாணவர்க்கு இஃது உதவும் என்பதும் பலரின் எண்ணம். ஆனால் டார்ட்மத் கல்லூரியின் பேராசிரியர் நால்வர் ஆராய்ந்து 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. 1600க்கு 1400ஐ ஒட்டிய புள்ளி பெற்ற மாணவர் பலர், அக்கல்லூரியில் சேர்வோரின் வழக்கமான புள்ளியைவிட அது குறைவு என்று எண்ணி மறைத்துவிட்டனர். வசதி குறைந்த பள்ளியிலிருந்து வந்து அப்புள்ளி பெறுவது பெருஞ்சாதனை என்றே அலுவலர் கருதியிருப்பர். அதனைத் தந்திருந்தால் அம்மாணவர்க்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு உயர்ந்திருக்கும். தம் கையிலிருந்த பொன்னைப் பித்தளை என்று எண்ணி மடியில் மறைத்தவர் நிலையாயிற்று அது. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில் டார்ட்மத் தேர்வுப் புள்ளியை மீண்டும் கட்டாயமாக்கிற்று. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2022ஆம் ஆண்டிலேயே அவ்வாறு செய்திருந்தது. ஹார்வார்டும் 2024இல் அவ்வழியே சென்றது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் தேர்வுப் புள்ளியோடு நிற்பதன்று. ஒரு பொருளின் மதிப்பு, அது வந்த இடத்தை வைத்தே அளக்கப்படுகிறது. புள்ளி விருப்பமாக விடப்பட்டுள்ள கல்லூரிக்கு விண்ணப்பிப்போர், அக்கல்லூரியின் சராசரியோடு மாத்திரம் தம் புள்ளியை ஒப்பிடாமல், தம் பள்ளியின் நிலையோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

வீட்டுச் சூழ்நிலையைச் சொல்வதில் தமிழ்க் குடும்பங்களுக்கு இயல்பாகவே ஒரு தயக்கம் உண்டு. வீட்டுக் குறையை வெளியே சொல்லலாமா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். தந்தை நோயுற்றதால் மாலைதோறும் கடையைக் கவனித்த மாணவன், தம்பி தங்கையர்க்குச் சமைத்துப் போட்ட மாணவி ஆகியோரின் பணிப் பட்டியல் இதனாலேயே வெறுமையாய்க் காட்சியளிக்கிறது. அதனைக் காணும் அலுவலர், பிள்ளை சோம்பி இருந்ததாக எண்ணினால் குற்றம் அவருடையதன்று. பொது விண்ணப்பம் குடும்பப் பொறுப்பையும் ஒரு பணியாகவே ஏற்கிறது. இடர்ப்பாடுகளை எழுத 250 சொல் அளவில் தனியிடமும் தந்திருக்கிறது. அங்கே இரக்கம் வேண்டிப் புலம்ப வேண்டுவதில்லை. எந்த ஆண்டு, எத்தனை மாதம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், படிப்பில் விளைந்த மாற்றம் யாது, இப்போதைய நிலை என்ன என்று நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதினால் போதும். அது குறை கூறுதலன்று; கணக்குக் காட்டுதல்.

நம் நாட்டுக் கல்விமுறையை விளக்குதலும் இதிற் சேரும். எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். என்னும் பெயர்கள் அங்குள்ள எல்லார்க்கும் பொருள் விளங்குவன அல்ல. பள்ளி அனுப்பும் அறிக்கை அவற்றை விளக்காவிடின், மாணவன் கூடுதல் விவரப் பகுதியில் மூன்று வரிகளில் விளக்கலாம். விரும்பிய பாடம் தன் பள்ளியில் கற்பிக்கப்படவில்லை என்பதும் அவ்வாறே சொல்லத்தக்கது. ஆனால் கட்டுரையில் இடம்பெறாது மிஞ்சிய அழகிய பத்திகளைக் கொட்டிவைக்கும் களஞ்சியமன்று அப்பகுதி.

ஆசிரியர் செய்யத்தக்கது

மாணவன் தன்னைத் தானே எடைபோடுதல் அரிது. சிலர் தம்மிடமுள்ள அனைத்தும் அரியவை என்று எண்ணுவர். சிலர் தம்மிடம் யாதுமில்லை என்று எண்ணுவர். இருவர்க்கும் ஆசிரியரின் கண் வேண்டும். விண்ணப்பம் முழுவதையும் முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை படித்து, ‘இப்பிள்ளையைப் பற்றி நான் அறிந்த எது இதில் இல்லை?’ என்று ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே விருப்பப் பகுதியில் இடம்பெற வேண்டியது. விடை ஒன்றுமில்லையெனின் அப்பகுதி வெறுமையாகவே போகலாம், அதனால் நட்டமில்லை.

பணம் படைத்த வீட்டார் இத்தகைய ஆலோசனையை விலை கொடுத்துப் பெறுகின்றனர். அவ்வசதியற்ற பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரே ஆலோசகர். ஒரு மாலைப் பொழுதை அவர் ஒதுக்கினால், தேவையற்ற சுமையைக் குறைக்கவும், நாணத்தால் மறைத்த சிறப்பைச் சொல்லவும் அப்பிள்ளைக்குத் துணிவு பிறக்கும். இடம் கிடைப்பதும் கிடையாததும் கல்லூரியின் கையில் உள்ளது. உள்ளதை உள்ளபடி, அளவறிந்து சொல்லும் பழக்கமோ, எந்த வாயிலில் நின்றாலும் அம்மாணவனுக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.