டர்போ வண்டியும் பெட்ரோலின் அழுத்தமும்

நம் பாட்டிமார் ஆண்ட பம்பு ஸ்டவ்வை இக்கல்லூரி மாணவருள் பலர் கண்டிரார். எத்துணை முறை அமுக்கியும் சுடர் எழாத நாளில் அவர்கள் மண்ணெண்ணெயைக் குறைகூறியதில்லை. பம்பினுள் இருக்கும் தோல் வாஷரைக் கழற்றி, இரண்டு துளி எண்ணெய் விட்டு நீவி மாட்டுவார்கள். காய்ந்து சுருங்கிய தோல் காற்றைப் பிடியாது. காற்றின் அழுத்தம் இன்றேல் எண்ணெயும் மேலேறாது. தோலையே தொழிலாகக் கொண்ட நம் பாலாற்றங்கரை ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. டர்போ பொருத்திய மோட்டார் வண்டியில் நேரும் அழுத்தக் கோளாறும் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

கலவையில் நம் அன்பர் ஒருவரிடம் பழைய அமைப்பினதான டர்போ வண்டி ஒன்று உண்டு. ஆர்க்காடு வரை அது குதிரைபோல் ஓடும். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதோ, மூன்றாம் வளைவிற்குள் திணறி, தகரப் பெட்டியில் கூழாங்கல்லை உருட்டினாற்போல ஒலிக்கும். தொழிற்கூடம் ஒன்றில் பிளக்குகளை மாற்றினர்; பின்னர்ப் பெட்ரோல் பம்பையே மாற்றினர். பணம் போயிற்று; ஒலி போகவில்லை.

நிற்க. டர்போ என்பது யாது? வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல, அதனோடு ஒரே தண்டிற் பிணைந்த மற்றொரு சக்கரம் புதுக்காற்றை நெருக்கி இயந்திரத்துள் செலுத்துகின்றது. சுவிட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி இதற்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பயணிகள் காரில் இது விற்பனைக்கு வந்தது 1962இல், அமெரிக்காவில். நம் சோளிங்கரை அடுத்த புலிவலத்திலும் டர்போ செய்யும் தொழிற்சாலை இருப்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்!

காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகவேண்டும். இன்ஜெக்டர் என்னும் பீச்சுகுழல் வழியே பாயும் பெட்ரோலின் அளவு, குழாயிலுள்ள அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. குழாய் அழுத்தத்திற்கும் காற்றறையின் அழுத்தத்திற்கும் உள்ள வித்தியாசத்தையே பொறுத்தது. சதுர அங்குலத்துக்கு 43 ராத்தல் என்பது குழாயின் இயல்பான அளவு எனக் கொள்வோம். டர்போ 12 ராத்தல் காற்றைத் திணிக்கும்போது குழாய் அழுத்தம் 55 ஆக உயரவேண்டும். அதனை உயர்த்துவது ரெகுலேட்டர். அதற்குக் காற்றறையின் செய்தியைக் கொண்டுசெல்வது விரற்பருமனும் இல்லாத ஒரு ரப்பர்க் குழாய். உயராது 43இலேயே நிற்குமாயின், எஞ்சும் வித்தியாசம் 31. பாய்ச்சல் வித்தியாசத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே மாறுமாதலின், ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு பெட்ரோல் குறைந்துபோம். அவ்வளவுதானா என்று எண்ணற்க. பளு மிகுந்த வேளையில் நேரும் இக்குறைவினால் உஷ்ணம் மிகுந்து, கலவை தானே வெடித்து, பிஸ்டனைத் தின்னத் தொடங்கும். அன்பர் கேட்ட கூழாங்கல் ஒலி இதுவே.

தொழிற்கூடத்தார் அழுத்தமானியை வைத்துப் பார்க்காமல் இல்லை. வண்டி நின்றபடி ஓடுகையில் 34 ராத்தல். ரப்பர்க் குழாயைக் கழற்றினால் 43. இரண்டும் சரியே. ஆனால் நோயாளியைப் படுக்கவைத்தே நாடி பார்த்தால் மலையேறும்போது வரும் மூச்சிரைப்பு எங்ஙனம் புலப்படும்?

ஆகவே நாம் அழுத்தமானியை நீண்ட குழாயோடு இணைத்து, கண்ணாடிக்கு வெளியே ஒட்டி (பெட்ரோல் நிறைந்த மானியை வண்டிக்குள் வைத்தல் ஒருபோதும் தகாது), மீண்டும் மலையேறினோம். முள் 43ஐ விட்டு அசையவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பம்பு தளர்ந்திருந்தாலும், பில்டர் அடைபட்டிருந்தாலும், பம்பிற்குச் செல்லும் மின்கம்பி பழுதுற்று வோல்டேஜ் குறைந்திருந்தாலும், பளு ஏற ஏற முள் 43க்கும் கீழே சரியும். சரியாமலும் உயராமலும் நின்றமையால் ஐயம் ரெகுலேட்டரின் பக்கம் திரும்பிற்று. கீழிறங்கி வந்து, பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பும் குழாயை ஒரு கணம் நெருக்கிப் பிடித்தோம். முள் 60ஐத் தாண்டிற்று. பம்பின்மேல் பழியில்லை. அடுத்து, கைப்பம்பினால் ரெகுலேட்டருக்கு நேரே 12 ராத்தல் காற்றுக் கொடுத்தோம்; முள் 55ஐத் தொட்டது. அதே காற்றை ரப்பர்க் குழாய் வழியே கொடுத்தபோது 'உஸ்' என்ற ஓசை கேட்டதேயன்றி, முள் ஏறவில்லை.

வளைவின் அடிப்புறத்தில், நகக்கீறல் போன்றதொரு பிளவு! உறிஞ்சும்போது அது மூடிக்கொள்ளும், ஊதும்போது திறந்துகொள்ளும். நின்ற வண்டியில் அது பிடிபடாதது இதனாலேதான்.

புதிய வண்டிகள் பலவற்றில் இக்குழாயே இல்லை. ரெகுலேட்டர் தொட்டிக்குள் அமர்ந்திருக்க, கணிப்பொறி பீச்சும் நேரத்தை நீட்டிச் சமன்செய்கின்றது. சிலிண்டருக்குள் நேரே பீச்சும் வகையிலோ அழுத்தம் 200 முதல் 350 பார் வரை செல்லுமாதலின், அக்குழாய்களைக் கையால் அவிழ்க்கத் துணிதல் ஆபத்து. அங்கே ஸ்கேனர் காட்டும் கணக்கையே நம்பவேண்டும். அதையும் வண்டி பளு இழுக்கும்போதே பார்க்கவேண்டும்.

அரை முழக் குழாய் மாற்றியபின் அன்பரது வண்டி பதினான்கு வளைவுகளையும் ஒலியின்றி ஏறிற்று. ஆயினும் இயந்திரத்தைப் பின்னொரு நாள் திறந்தபோது, மூன்றாம் பிஸ்டனின் விளிம்பு எறும்பரித்த வெல்லக்கட்டிபோல் இருந்தது. அதனை அன்பர் நமக்கே கொடுத்துவிட்டார். இதனை எழுதும் மேசையின்மேல், தாள்கள் பறவாதிருக்க வைத்துள்ளோம்.