நிறுத்திய வண்டியும் தலைக்கவசத்தின் பாதுகாப்பும்

வேலூரிலும் திருத்தணியிலும் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுகின்ற சித்திரை, வைகாசி மாதங்களில், ஸ்கூட்டரை நிறுத்தி இறங்குகின்ற எவரும் முதற்காரியமாகச் செய்வது தலைக்கவசத்தைக் கழற்றுவதுதான். வியர்வையில் நனைந்த அந்தக் கவசத்தையும், மேலங்கியையும், கையுறைகளையும் சுமந்துகொண்டு கடைவீதியிலோ மருத்துவமனை வராந்தாவிலோ ஒரு மணி நேரம் அலைவது துன்பமாக இருப்பதால், பெரும்பாலோர் அவற்றைப் பக்கக் கண்ணாடியின் மேல் கவிழ்த்தோ, கைப்பிடியில் தொங்கவிட்டோ, சீட்டின் மேல் வைத்தோ போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது அவை வைத்த இடத்தில் இருக்கும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. இருந்தாலும், அவை வைத்தபோது இருந்த நிலையில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

களவு போனது ஆயிரம் ரூபாய்ப் பொருள்தானே என்று இதை அற்பமாகக் கருதுவது பெரும் பிழை. கவசத்தைப் பறிகொடுத்தவர் பெரும்பாலும் வெறுந்தலையோடுதான் வீடு திரும்புகிறார். மறுநாளும் அப்படியே அலுவலகம் போகிறார். சம்பள நாள் வரை புதியது வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார். அந்த இடைக்காலத்தில் விபத்து நேருமானால், திருடனுடைய கைக்குப் போனது கவசம் மட்டுமன்று, அதை உடையவரின் பிராணனுக்கிருந்த காவலும்கூட என்பது அப்போதுதான் விளங்கும். ஆதலால், நிறுத்திய வண்டியில் விடும் சாதனங்களுக்கு என்னென்ன அபாயங்கள் உண்டு, சட்டம் நமக்குத் தரும் உரிமைகள் யாவை, பரிகாரங்கள் எவை என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

அபாயங்கள்

முதல் அபாயம் திருட்டு. வண்டியின் கொக்கியில் மாட்டிப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதி கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொக்கியில் மாட்டப்படுவது கவசத்தின் தாடைப்பட்டை, அது துணியால் ஆனது, கூரிய கத்திக்கு ஒரு நொடி கூடத் தாங்காது. பட்டையை அறுத்து எடுத்துச் செல்பவனுக்கும் அக்கவசம் உயிர் காக்கப் பயன்படாது. ஆயினும் உடையவருக்கு நஷ்டம் நஷ்டமே. சீட்டுக்கு அடியிலுள்ள டிக்கி இதைவிட மேலானதுதான் என்றாலும், சில வண்டிகளில் பூட்டிய சீட்டின் ஓரத்தை நெம்பிக் கைவிட்டுப் பொருளை எடுத்துவிட முடிகிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

இரண்டாவது அபாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் வைக்கும் முறையாலும் கவசம் கெடுவது. தலைக்கவசத்தின் உள்ளே, மெத்தைத் துணிக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் வெண்ணிற நுரைப்பொருள், நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பாலிஸ்டைரின் வகையைச் சேர்ந்தது. மோதலின்போது அது நசுங்கி, விசையைத் தான் வாங்கிக்கொண்டு மண்டையோட்டைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கிய இடம் மீண்டும் பழைய நிலைக்கு வருவதில்லை. பக்கக் கண்ணாடியின் முனையில் நாள்தோறும் கவிழ்த்து வைப்பதனால் அந்த நுரையில் குழி விழுகிறது. குழி விழுந்த இடத்தில் காவல் குறைகிறது. பெட்ரோல் பட்டால் அந்த நுரை கரைந்தே போய்விடும்; ஆகையால் பெட்ரோல் டப்பாவையும், தின்னர் போன்ற கரைப்பான்களையும், எண்ணெய் தோய்ந்த கந்தல் துணியையும் கவசத்தோடு ஒரே டிக்கியில் அடைத்து வைப்பது விவேகமாகாது. நேர்வெயிலில் மாதக்கணக்கில் கிடக்கும் பிளாஸ்டிக் ஓடு நாளடைவில் வலுவிழக்கிறது. முகக் கண்ணாடி மங்குகிறது. மெத்தையை ஒட்டிய பசை இளகுகிறது. வியர்வையோடு மூடி வைத்த உள்துணியில் பூஞ்சை பிடித்து, அது தோல் நோய்க்கும் காரணமாகிறது.

டிக்கிக்குக் கீழே என்ஜின் சூடேறி நிற்க, மேலே கருஞ்சீட்டு வெயிலில் காய்ந்து நிற்க, இடைப்பட்ட அந்தப் பெட்டியின் உள்வெப்பம் வெளிவெப்பத்தைக் காட்டிலும் மிகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிகரெட் லைட்டர், வாசனைத் தெளிப்பான், பவர் பாங்க், கைப்பேசி, மருந்து ஆகியவற்றைக் கோடைப் பகலில் அதனுள் விட்டுச் செல்வது ஆபத்தை அழைத்து உள்ளே உட்கார வைப்பதாகும்.

உரிமைகளும் கடமைகளும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 129-ஆம் பிரிவு, இருசக்கர வாகனத்தில் செல்வோர் தரநிலைக்கேற்ற தலைக்கவசத்தை இறுகப் பட்டையிட்டு அணிய வேண்டுமென்று விதிக்கிறது. பின்னால் அமர்ந்து செல்பவருக்கும் அது பொருந்தும். மீறினால் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கும் நிலையும் உண்டு. கவசம் களவு போய்விட்டது என்பது இச்சட்டத்தில் விலக்காகச் சொல்லப்படவில்லை. எனவே பறிகொடுத்த அன்று வண்டியை அங்கேயே பத்திரமாக நிறுத்திவிட்டுப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வீடு திரும்புவதோ, அல்லது அருகிலுள்ள கடையில் வேறொன்று வாங்கி அணிந்துகொண்டு புறப்படுவதோதான் சட்டத்திற்கும் உயிருக்கும் உகந்த வழி.

புதிய இருசக்கர வாகனம் வாங்கும்போது தரமுள்ள தலைக்கவசம் ஒன்றை உற்பத்தியாளர் வழங்க வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-ஆம் விதியில் உள்ளது. வாங்குவோர் தயங்காமல் கேட்டுப் பெறலாம். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற தலைக்கவசங்களை விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. தலைக்கவசங்களுக்குரிய இந்தியத் தரநிலை எண் 4151. சாலையோரத்தில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் பழைய கவசம், களவுப் பொருளாகவும் இருக்கலாம், முன்பே ஒரு விபத்தில் அடிபட்டதாகவும் இருக்கலாம். களவுப் பொருளென்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

காசு கொடுத்து நிறுத்தும் ஸ்டாண்டுகளில் நமக்குள்ள உரிமை யாது? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151-ஆம் பிரிவு, பிறர் பொருளைக் காவலுக்கு ஏற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் தம் சொந்தப் பொருளை எத்தனை ஜாக்கிரதையாகப் பேணுவாரோ அத்தனை ஜாக்கிரதையாக அதனைப் பேண வேண்டும் என்கிறது. தலைக்கவசத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அதற்கெனத் தனிக் கட்டணம் பெற்று டோக்கனும் தருகின்ற இடத்தில் இந்தப் பொறுப்பு ஐயத்திற்கிடமின்றி எழுகிறது. நாமே வண்டியை விட்டுப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லும் இடத்தில் அந்தப் பொறுப்பை நிரூபிப்பது கடினம். ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதிய பலகையைக் கண்டு எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். சாவியைப் பெற்றுக்கொண்ட ஹோட்டலிலிருந்து கார் களவுபோன ஒரு வழக்கில், தன் ஊழியரின் கவனக்குறைவால் விளைந்த நஷ்டத்தை அத்தகைய அறிவிப்பைக் காட்டி ஹோட்டல் தட்டிக்கழிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே கவசத்தைக் கையில் ஒப்படைப்பதும், டோக்கனைப் பத்திரப்படுத்துவதும் உரிமையின் அஸ்திவாரங்கள்.

பரிகாரங்கள்

களவு நேர்ந்துவிட்டால், முதலில் வண்டி நின்ற இடத்தையும், அறுபட்ட பட்டை முதலிய அடையாளங்களையும் படமெடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவை அழியாமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டு, அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். இவ்விடத்தில் பொருளின் மதிப்பு முக்கியமாகிறது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதன்முறை தண்டனை பெறுபவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. இந்தச் சிறு திருட்டு, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் புலனாய்வு செய்யக்கூடாத வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் கடமை நிலைய அதிகாரிக்கு உண்டு, தமிழ்நாட்டில் அதற்கான சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேட்டு) ரசீதைக் கேட்டுப் பெறலாம். இரண்டு கவசங்கள், மேலங்கி, கையுறை எல்லாம் சேர்ந்து 5,000 ரூபாயை எட்டுமானால், முதல் தகவல் அறிக்கை பதியும்படி கோரலாம். அதன் பிரதி புகார்தாரருக்கு இலவசம். மதிப்பை நிலைநாட்டுவது கடை ரசீதே; ஆகவே அதை வாங்கிய அன்றே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

காவலுக்கு ஏற்றுக்கொண்ட ஸ்டாண்டு கைவிரித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட ஆணையத்தை இரண்டாண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருப்பின் வழக்குக் கட்டணமில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழிகாட்டும். வண்டிக் காப்பீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்: இருசக்கர வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், வண்டியும் சேர்ந்து களவு போனாலொழியத் துணைச் சாதனங்களின் திருட்டுக்கு ஈடு கிடைப்பதில்லை.

வருமுன் காக்கும் வழிகள்

டிக்கியில் கொள்ளுமானால் கவசத்தை அதிலேயே வைத்து, நிழல் பார்த்து வண்டியை நிறுத்துவது முதல் வழி. கொள்ளாவிடில், மெல்லிய எஃகுக் கம்பிப் பூட்டு ஒன்றை முழுமுகக் கவசத்தின் முகத்திறப்பு வழியாக நுழைத்து, தாடைப்புறப் பகுதியையும் வண்டியின் சட்டத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டும்; அப்போது பட்டையை அறுத்துப் பயனில்லை. மேலங்கியின் கைகளுக்குள்ளும் அதே கம்பியைக் கோக்கலாம். அசல் ஆவணங்களை வண்டியில் வைக்க வேண்டிய தேவையே இப்போது இல்லை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய அரசுச் செயலிகளில் உள்ள மின்னணுப் பிரதிகளை விதிகள் ஏற்கின்றன. வீடு திரும்பியதும் கவசத்தை நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள்.

கவசம் அணியுங்கள் என்று ஜனங்களைக் கட்டாயப்படுத்துகிற சமூகம், அதனைக் கழற்றி வைப்பதற்கு ஓர் இடமும் தர வேண்டும். மருத்துவமனை, ரயில் நிலையம், கோயில், ஜவுளிக்கடை ஆகியவற்றை நடத்துவோர், செருப்புக்கும் பைகளுக்கும் இடம் தருவது போலத் தலைக்கவசத்துக்கும் ஓர் அலமாரியையும் டோக்கனையும் ஏற்படுத்திக் கொடுப்பார்களானால், அது பெரிய செலவாகாது. பல குடும்பங்களின் க்ஷேமத்தைக் காக்கும் தர்மமாகும். வாசகர்களும், தாங்கள் அடிக்கடி செல்லும் இடங்களின் நிர்வாகத்திற்கு இந்தக் கோரிக்கையை எழுத்து மூலமாக அனுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.