சினிமா வகுப்புக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. பாடம் சொல்ல வந்தாள் ஒரு தாய்!

"சினிமா பார்க்கிறது போதாதா? அதைக் காலேஜுக்குப் போய்ப் படிக்க வேறே வேணுமா? அதுவும் பெண்பிள்ளை!"

மகள் இப்படி ஓர் ஆசையைச் சொன்னால், பல வீடுகளில் முதலில் வரும் பதில் இதுதான். அப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு சேதி சொல்லட்டுமா?

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சினிமாப் பாடம் ஆரம்பித்தது 1915-ல். படங்கள் பேசத் தொடங்காத காலம் அது! விக்டர் ஃப்ரீபர்க் என்ற ஆசிரியர் திரைக்கதை எழுதக் கற்றுக் கொடுத்தார். 2015-ல் அந்தப் பாடத்துக்கு நூறு வயசு நிறைந்தது.

நூற்றாண்டு என்றால் கல்யாண வீடு மாதிரிதான். யார் யார் வந்தார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும். இங்கே வந்து பாடம் சொன்னவர்களில் பெரிய டைரக்டர்கள் உண்டு. இரண்டு முறை ஆஸ்கார் வாங்கிய மிலோஷ் ஃபோர்மன், 1978-ல் பேராசிரியராகவே வந்து சேர்ந்தார். ஆனால் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, 1917-ல் விருந்தினராக வந்து பேசிய ஒரு பெண்மணியைத்தான்.

அவர் பெயர் ஆலிஸ் கீ பிளாஷே. பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸில் காமோன் கம்பெனியில் கடிதம் எழுதும் காரியதரிசியாக இருந்தார். 1896-ல், "நானும் ஒரு கதைப்படம் எடுத்துப் பார்க்கட்டுமா?" என்று முதலாளியிடம் கேட்டார். "எடுத்துக்கொள், ஆனால் ஆபீஸ் வேலை கெடக்கூடாது" என்பது நிபந்தனை. முட்டைக்கோசுத் தோட்டத்தில் ஒரு தேவதை குழந்தைகளை எடுத்துத் தருகிற சின்னப் படம் அது. உலகத்தின் முதல் பெண் டைரக்டர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

பிறகு அமெரிக்கா வந்தார். 1910-ல் 'ஸோலாக்ஸ்' என்று சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில், ஃபோர்ட் லீ என்ற ஊரில் ஸ்டூடியோவே கட்டினார். கொலம்பியாவில் பேச வந்தபோது அவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்!

அப்புறம் நடந்ததுதான் மனசைச் சங்கடப்படுத்துகிறது. கம்பெனி நொடித்தது. கணவரோடு விவாகரத்து. 1922-ல் குழந்தைகளோடு பிரான்ஸ் திரும்பினார். மறுபடி ஒரு படம் எடுக்க வாய்ப்பே வரவில்லை. சினிமா சரித்திரம் எழுதியவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். அவர் எடுத்த சில படங்களுக்கு வேறு ஆண்களின் பெயரைப் போட்டார்கள். தாம் எடுத்த படங்களைத் தாமே தேடி அலைய வேண்டியதாயிற்று. 1968-ல், 94 வயதில் காலமானார். அவர் எழுதி வைத்த வாழ்க்கைக் கதை அச்சானது 1976-ல்தான்.

அவர் வந்து பேசிய அதே பல்கலைக் கழகத்தில் பின்னாளில் படித்த காத்ரின் பிக்லோ, 2010-ல் டைரக்‌ஷனுக்காக ஆஸ்கார் வாங்கிய முதல் பெண் ஆனார். குழந்தைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லும் 'ஃப்ரோஸன்' படம் தெரியுமில்லையா? 2013-ல் வந்த அந்தப் படத்தை எழுதி, இன்னொருவரோடு சேர்ந்து டைரக்ட் செய்த ஜெனிஃபர் லீயும் கொலம்பியா மாணவிதான். முதலில் புத்தகப் பதிப்பகத்தில் வேலை பார்த்தவர். முப்பது வயசுக்கு மேல் திரைக்கதை படித்து, 2005-ல் பட்டம் வாங்கினார். படத்தில் ஒன்பது வயசு ஆனாவுக்காகப் பாடியது அவருடைய மகளேதான்!

அதனால், வீட்டுப் பெண் சினிமா படிக்கணும் என்றால் உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். என்ன பாடம், எத்தனை வருஷம், என்ன செலவு, தங்க இடம் எப்படி, படித்தபின் என்ன வேலை என்று பக்கத்தில் உட்கார்த்தி நிதானமாகக் கேளுங்கள். "எனக்கு வயசாகிவிட்டதே" என்று நீங்களும் ஒதுங்க வேண்டாம்.

இன்னொன்று. அவள் எழுதின கதையோ, எடுத்த படமோ, எதுவானாலும் அதில் அவள் பெயரையும் தேதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஆலிஸுக்குக் கிடைக்காமல் போனது அதுதானே!