வாடும் மென்பவளங்கள்

கடலடியில் மலர்போல் விரிந்தாடும் மென்பவளம் செடியன்று. விலங்கினத்தைச் சேர்ந்த உயிராகும். அதன் உடலில் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவாக்கி, அதற்கும் பகிர்ந்தளிக்கின்றன. வீட்டிலுள்ள புதிய கடல்நீர்த் தொட்டியில் அது சுருங்கி வாடுமாயின், காரணத்தை நாம் முறையாக ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் நீரைச் சோதிப்போம். புதிய தொட்டியில் கழிவுகளிலிருந்து அம்மோனியா, நைட்ரைட்டு ஆகிய நச்சுகள் தோன்றும். அவற்றை மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குமுன் பவளத்தை இடுதல் கூடாது. நச்சு காணப்படின், நீரில் ஒரு பகுதியை உடனே மாற்றுதல் வேண்டும்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் நலம். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. ஆகவே, குறைந்த அளவிற்கு உப்பில்லாத, குளோரின் நீக்கிய நீரையே ஊற்றுவோம். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருக்கட்டும்.

அடுத்து ஒளியையும் நீரோட்டத்தையும் கவனிப்போம். கடும் ஒளி திடீரெனப் பட்டால் பவளம் சுருங்கும். முதலில் தாழ்வான இடத்தில் வைத்துச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். நீரோட்டம் நேராகத் தாக்காமல், அதனை மெல்ல அசைத்தால் போதும்.

தோற்பவளம் சில நாள்கள் மூடிக்கொண்டு, மெழுகு போன்ற மேற்படலத்தை உரிப்பது இயல்பு, அது நோயன்று.

நச்சு இல்லையெனில் அவசரம் வேண்டா. அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினால் காரணம் புலப்படாது. ஒன்றை மட்டும் மாற்றி, சில நாள் பொறுத்து, கண்டதைக் குறித்து வைப்போம். வாயில்லா உயிரின் துன்பத்தைப் பொறுமையுடன் உற்றுநோக்குபவரே அறிவர்.